பழைய கார் பிரச்சனை இல்ல. மொட்டை டயரும் ஓட்டை சைலன்சரும்தான் பிரச்சனை

நவம்பர் வந்தாச்சு. இன்பாக்ஸ்ல வழக்கமான கேள்வியும் வந்தாச்சு.

"டாக்டர், பதினஞ்சு வருஷ பழைய கொரோலா ஒண்ணு சல்லிசா வருது. சட்பரி குளிருக்குத் தாங்குமா? இல்ல கடன் போட்டு புதுசா ஒரு எஸ்யூவி எடுத்துடட்டுமா?"

இதை மெக்கானிக்கிட்ட கேட்கணும், என்கிட்ட ஏன் கேட்கிறீங்க என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் வடக்கு ஒன்டாரியோவில் குளிர்காலத்தில் காரால் வருகிற வம்பு எல்லாம் கடைசியில் எமர்ஜென்சி வாசலில்தான் வந்து இறங்குகிறது. அதனால் எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் பெரிய த்ரெட். படிக்கிற மாணவர்கள், புதுசா வந்த நர்ஸ்கள், பி.ஆர். வாங்கி இந்த ஆண்டு வந்த குடும்பங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். பழைய காரையே வாங்குங்க. வந்த முதல் வருஷமே ஏழு வருஷக் கடனில் மாட்ட வேண்டாம். ஆனால் மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கை நாலு வின்டர் டயருக்கும், வண்டியின் அடிப்பாகத்துக்கும் கண்டிப்பாக ஒதுக்குங்க. அதைச் செய்ய மாட்டேன் என்றால் பஸ்ஸில் போங்க. நான் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

முதலில் டயர்.

இங்கே விற்கிற பழைய கார்களில் பெரும்பாலும் "ஆல் சீசன்" டயர்தான் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அந்த ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுக ஆரம்பிக்கும். மைனஸ் இருபதில் அது கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரி. ரோட்டைக் கவ்வாது. வின்டர் டயரின் ரப்பர் கலவையே வேறு, குளிரிலும் மெத்தென்று இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் நடுவில் ஒரு பனிப்பூவும் வரைந்திருக்கும். அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்க. வெறும் எம் ப்ளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது போதாது.

பழைய வின்டர் டயர் வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம் பாருங்க. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஸ்னோவுக்கு அது உதவாது. அடுத்து வயது. பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருஷம் ஆன டயரை நான் என் காருக்குப் போட மாட்டேன், ரப்பர் இறுகியிருக்கும்.

நம்ம ஆட்கள் செய்கிற ஒரு சிக்கனம் இருக்கு. "முன் சக்கரம்தானே இழுக்குது, அதுக்கு ரெண்டு மட்டும் போட்டா போதாதா?" போதவே போதாது. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் பிடிக்காமல் போனால் வளைவில் வண்டியின் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். அப்போது எதிரே வருவது நிக்கல் சுரங்கத்து லாரியாக இருந்தால் கதை முடிந்தது. நாலும் ஒரே மாதிரி போடணும்.

"ஆல் வீல் டிரைவ் இருந்தா வின்டர் டயர் வேண்டாம்" என்பது இன்னொரு கதை. நாலு சக்கரமும் இழுத்தால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது சுலபம், அவ்வளவுதான். நிறுத்துவது பிரேக்கும் டயரும். எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது! வழுக்கி ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கிற வண்டிகளில் பளபளப்பான பெரிய எஸ்யூவிகளை நான் நிறையவே பார்க்கிறேன். கிளம்பும்போது கிடைத்த தைரியத்தில் வேகமாகப் போயிருப்பார்கள்.

காற்றழுத்தத்தையும் மறக்காதீங்க. வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 20 டிகிரியில் காற்று அடித்து விட்டு, ஜனவரியில் மைனஸ் 20ல் அதே டயரில் ஓட்டினால் ஏழு பிஎஸ்ஐ வரை காணாமல் போயிருக்கும்.

வண்டி தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்று. கனடாவில் 2011 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்கள் எல்லாவற்றிலும் ஈஎஸ்சி, அதாவது வழுக்கும்போது தானாகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் வசதி, கட்டாயம். அதற்கு முந்தைய மாடல்களில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒரே விலைக்கு 2010ம் 2012ம் கிடைத்தால், சீட் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, 2012ஐ எடுங்க. நல்ல பாட்டு சிஸ்டத்தைவிட இது முக்கியம்.

சரி, இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். சைலன்சர்.

இங்கே ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள். உப்பு சேர்ந்தால் தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையாது, அதனால் ஐஸ் கரையும். ரொம்பக் கடுங்குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது என்பதால் எங்க பக்கம் மணலும் சேர்த்துப் போடுவார்கள். இந்த உப்புத் தண்ணீர் அஞ்சு மாசம் காரின் வயிற்றில் தெறித்துக்கொண்டே இருக்கும். மேலே பெயின்ட் மின்னும், கீழே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய், பெட்ரோல் குழாய், சைலன்சர் என எல்லாம் அங்கேதான் இருக்கு. பத்துப் பதினஞ்சு வின்டர் பார்த்த காரில் இவற்றில் ஏதாவது ஒன்று அரித்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

பிரேக் குழாய் வெடித்தால் உடனே தெரிந்துவிடும், பெடல் தரை வரை இறங்கிவிடும். சைலன்சர் ஓட்டை அப்படி இல்லை. "வண்டி கொஞ்சம் சத்தம் போடுது, ரேசிங் கார் மாதிரி இருக்குடா" என்று சிரித்துக்கொண்டே ஓட்டுவார்கள்.

அந்த ஓட்டை வழியாக வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ஓடுகிற காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். டிக்கியின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தாலோ, அடித்தகட்டில் துரு ஓட்டை இருந்தாலோ, புகை உள்ளே வரும். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே விரிசல் என்றால் ஹீட்டர் காற்றோடு கலந்தும் வரும். கோடையில் கண்ணாடி இறக்கி ஓட்டுவீர்கள், தப்பித்துக்கொள்வீர்கள். வின்டரில் எல்லாக் கண்ணாடியும் மூடி, ஹீட்டரை முழுசாக வைத்து நாலு மணி நேரம் டொரோண்டோ வரை ஓட்டுவீர்கள். அங்கேதான் ஆபத்து.

இதில் இன்னொரு நுணுக்கம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதியைச் சுத்தம் செய்வது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். அது சூடானால்தான் வேலை செய்யும். குளிரில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிஷங்களில் அது தூங்கிக்கொண்டிருக்கும். அதாவது விடியற்காலையில், கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து "கொஞ்சம் சூடாகட்டும்" என்று விடுகிறீர்களே, அப்போதுதான் விஷம் அதிகமாக வரும். கராஜ் கதவு திறந்திருந்தாலும் செய்யாதீங்க. வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டுச் சூடாக்குங்க. இந்தக் காலத்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் காருக்கு ஒன்றிரண்டு நிமிஷம் போதும், அப்புறம் மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும்.

உடம்புக்குள் என்ன நடக்குது?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினுக்கு, ஆக்சிஜனைவிடக் கார்பன் மோனாக்சைடு மேல் 200 மடங்குக்கும் அதிகமான ஒட்டுதல். பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்தவன் இறங்க மறுப்பது மாதிரி. ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது. மூளையும் இதயமும்தான் முதலில் திணறும். தலைவலி, குமட்டல், தூக்கம், குழப்பம். எல்லாமே ஃப்ளூ மாதிரி, பயணக் களைப்பு மாதிரி, சாப்பாடு ஒத்துக்காதது மாதிரி இருக்கும்.

அப்படித்தான் ஒரு ஜனவரி ராத்திரி மூணு பசங்க வந்தாங்க. ஒரே காரில் தெற்கேயிருந்து திரும்பி வந்தவர்கள். மூணு பேருக்கும் தலைவலி, ஒருத்தனுக்கு வாந்தி. "வழியில் சாப்பிட்ட பிரியாணி சரியில்ல டாக்டர்" என்றான் ஒருவன். மூணு பேர் விரலிலும் ஆக்சிஜன் 98, 99 என்று காட்டுது. ட்ரையாஜ் நர்ஸ் கேட்ட ஒரு கேள்விதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. "பெட்ரோல் போட இறங்கினப்போ எப்படி இருந்துச்சு?" "வெளியே நின்னப்போ கொஞ்சம் நல்லா இருந்துச்சு, ஏறினதும் மறுபடி வலிச்சுது." ரத்தப் பரிசோதனையில் மூவருக்கும் கார்பன் மோனாக்சைடு. பின் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தவனுக்குத்தான் அதிகம். இன்னும் ஒரு மணி நேரம் அவன் தூங்கியிருந்தால்? நான் அதற்கு மேல் யோசிக்க விரும்பவில்லை. மூணு பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லணும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டர் உங்களில் பலரிடம் இருக்கும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரெண்டையும் சேர்த்து "98" என்று காட்டும். அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீங்க. காரில் வந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் குறைகிறது என்றால், நேரே எமர்ஜென்சி. "கார்பன் மோனாக்சைடாக இருக்குமோ" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்க. சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நாலஞ்சு மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். கர்ப்பிணி என்றால் இன்னும் அவசரம். வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தில் அது தாயைவிட அதிகமாகச் சேரும், மெதுவாகத்தான் வெளியேறும்.

சைலன்சர் நன்றாக இருந்தாலும் ஆபத்து வரும் ஒரு சூழல் உண்டு. வெளிப்புகைக் குழாயைப் பனி அடைத்துக்கொள்வது.

2016 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய பனிப்புயல். நியூ ஜெர்சியின் பஸ்ஸேய்க் நகரில் ஒரு தகப்பன் காரைச் சுற்றியிருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் குளிராமல் இருக்கட்டும் என்று எஞ்சினைப் போட்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தது. தாயும் ஒரு வயதுக் குழந்தையும் இறந்தார்கள், மூன்று வயது மகள் சில நாள் கழித்து இறந்தாள். சில அடி தூரத்தில், குடும்பத்துக்காக வேர்க்க வேர்க்க வேலை செய்துகொண்டிருந்த மனிதர் அவர்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனி பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகள் 20 பேருக்கு மேல் வண்டிகளில் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். குளிரும் கார்பன் மோனாக்சைடும்தான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. பனியோடு பழக்கமில்லாத நம்ம மாதிரி ஆட்கள், ஒரு நாள் ஜாலிக்குப் போனவர்கள்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அள்ளு, அப்புறம் சாவி போடு, கடைசியாகப் பிள்ளைகளை ஏற்று.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்? காரை விட்டு இறங்கி நடக்காதீங்க. வெள்ளைப் புயலில் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. 2022 டிசம்பரில் பஃபலோ பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் சிலர் தெருவில், சிலர் காரில். டொரோண்டோவிலிருந்து இரண்டு மணி நேர ஊர் அது, துருவப் பிரதேசம் ஒன்றுமில்லை. காருக்குள்ளேயே இருங்க. கண்ணில் படுகிற நிறத்தில் ஒரு துணியைக் கட்டி விடுங்க. எஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டுங்க. ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்துச் சுத்தம் செய்யணும், காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கணும். இதற்காகத்தான் வின்டரில் பெட்ரோலைப் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதே என்கிறார்கள்.

டிக்கியில் ஒரு மடக்கு ஷவல், கம்பளி, கையுறை, ஒரு மூட்டை மணல் அல்லது பூனை மண், போன் சார்ஜர், கொஞ்சம் கடலை மிட்டாய். கடலை மிட்டாய் நான் சும்மா சொல்லவில்லை. உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்க சர்க்கரையும் கொழுப்பும் வேணும், மைனஸ் முப்பதிலும் அதைக் கடித்துத் தின்னலாம். பிராந்தி வேண்டாம். சூடாக இருப்பது போலத் தோன்றும், தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியே போய்விடும். கூட இருப்பவர் நடுங்கிக்கொண்டிருந்தால் பயப்படாதீங்க. குளிர் குறையாமலே நடுக்கம் நின்று பேச்சு குழறினால் பயப்படுங்க, 911.

விரல் வெளுத்து மரத்துப் போனால் பனியைப் போட்டுத் தேய்க்காதீங்க. சினிமாவில் செய்வார்கள், தசை கிழியும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு. பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வலியே தெரியாது. வேன் ஓட்டுகிற அண்ணாச்சிமார்கள் கவனிக்கணும்.

அடுத்தது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. சிக்கிய காரைத் தள்ளுவது.

ஐம்பது வயசு, கொஞ்சம் தொப்பை, பிபி மாத்திரை, சர்க்கரை. வருஷம் முழுக்க உட்கார்ந்த வேலை. திடீரென்று மைனஸ் இருபதில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை டன் இரும்பைத் தள்ளுகிறார். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிபி ஏறும், மூச்சுப் பிடிப்பதால் இன்னும் ஏறும், இதயம் கேட்கிற ஆக்சிஜன் கிடைக்காது. ட்ரெட்மில் டெஸ்டை நாங்கள் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்வோம். இவர் அதைவிடக் கடினமான டெஸ்டை ஹைவே ஓரத்தில் தனியாகச் செய்கிறார். பனி அள்ளுவதும் இதே கதைதான். நெஞ்சுவலி வந்ததும் "வாயுதான்" என்று காருக்குள் உட்கார்ந்து சோடா தேடாதீங்க. டோ வண்டிக்கு ஆகும் காசு, என்னைப் பார்க்க வருவதைவிடக் குறைவு. இங்கே என்னைப் பார்க்கக் காசு இல்லை என்பது வேறு விஷயம். விலை வேறு மாதிரி.

தள்ள வேண்டி வருவதற்கே பாதிக் காரணம் பேட்டரி. மைனஸ் 18ல் பேட்டரியின் பலம் சுமார் பாதியாகிவிடும், எஞ்சின் ஆயிலோ கூழாகி, சுற்றுவதற்கு இன்னும் அதிக பலம் கேட்கும். அஞ்சு வருஷம் தாண்டிய பேட்டரியை அக்டோபரிலேயே சோதித்து மாற்றிவிடுங்க. எங்க ஊரில் காரின் மூக்கிலிருந்து ஒரு பிளக் ஒயர் தொங்கும். வந்த புதிதில் பலர் "அட, எல்லாம் எலெக்ட்ரிக் காரா!" என்று கேட்பார்கள். அது பிளாக் ஹீட்டர். ராத்திரி எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும். பழைய வண்டிக்கு அது வரப்பிரசாதம், ஒயர் மட்டும் நைந்திருக்கிறதா என்று பாருங்க. உறைந்து வீங்கின பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீங்க, வெடிக்கும். ஆசிட் பட்ட கண்ணைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

ஓட்டுவது பற்றி நான் ரொம்பப் பேசப் போவதில்லை, பக்கத்து சீட்டில் ஒரு அனுபவசாலியை வைத்து காலி பார்க்கிங் லாட்டில் ஒரு மணி நேரம் வழுக்கிப் பழகினால் எல்லாம் புரியும். இரண்டு மட்டும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். பயந்து காலை எடுக்காதீங்க, அழுத்தியே பிடிங்க. பாலத்தின் மேல் வேகத்தைக் குறைங்க; கீழேயும் குளிர்காற்று என்பதால் ரோட்டுக்கு முன்னாடி பாலம்தான் உறையும்.

குழந்தைகளுக்கு: தடிமனான வின்டர் கோட்டோடு கார் சீட்டில் பெல்ட் போடாதீங்க. இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். மோதலின்போது கோட்டில் உள்ள காற்றெல்லாம் அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும், பிள்ளை நழுவிப் போகலாம். மெல்லிய ஸ்வெட்டர் போட்டு, பெல்ட்டை இறுக்கி, மேலே கோட்டைப் போர்த்துங்க. பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இனி அரசாங்கத்தோடு என் சண்டை.

கியூபெக்கில் 2008 முதல் வின்டர் டயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகள் உட்பட பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் முதலே கட்டாயம். ஒன்டாரியோவில்? கட்டாயம் இல்லை. 2016 முதல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வின்டர் டயருக்குத் தள்ளுபடி கொடுத்தாகணும், அவ்வளவுதான். (அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்குங்க. கேட்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து தர மாட்டார்கள்.) வடக்கில் இருக்கிறவர்களுக்கு ஆணி வைத்த டயர் போடக்கூட அனுமதி இருக்கிறது. அதாவது எங்க ரோடு வேறு மாதிரி என்று அரசுக்கே தெரியும். தெரிந்தும் மொட்டை ஆல் சீசனோடு 69ஆம் ஹைவேயில் யாரும் ஏறலாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்டாரியோ வீடுகளுக்கு 2014ல் கட்டாயமானது. ரொம்ப நல்ல சட்டம். ஆனால் சொந்தக் காருக்கு வருடாந்திர சோதனை இங்கே கிடையாது. கை மாறும்போது ஒரு சேஃப்டி சர்ட்டிபிகேட், அதற்குப் பிறகு அந்தக் கார் பத்து வின்டர் உப்பில் ஊறினாலும் யாரும் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. புகைச் சோதனையாவது ஒன்று இருந்தது. அதுவும் 2019ல் தனியார் கார்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அது சுற்றுச்சூழலுக்கான சோதனை, சைலன்சர் ஓட்டைக்கானதல்ல என்று சொல்வார்கள். சரி. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் வண்டியைப் பார்த்தார் இல்லையா?

"ஏழைகள் மேல் இன்னொரு செலவு" என்று ஒரு எதிர்வாதம் வரும். அது நியாயமான வாதம், அதை நான் தள்ளிவிட மாட்டேன். நல்ல வின்டர் டயர் நாலு, இரும்பு ரிம்மோடு, ஆயிரம் டாலர் கிட்ட வரும். பார்ட் டைம் வேலை செய்து ஃபீஸ் கட்டும் பையனுக்கு அது இரண்டு மாச சாப்பாடு. ஆனால் இன்றைய ஏற்பாட்டில் அவன் எதையும் மிச்சப்படுத்தவில்லை, அபாயத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். வின்டர் டயர் போட்ட ஆறு மாசம் மற்ற டயர் தேயாது என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்க. சட்டம் கொண்டுவந்து, கூடவே வருமானம் குறைந்தவர்களுக்கு டயருக்கு உதவித்தொகை கொடுத்தால் என்ன? இடுப்பெலும்பு உடைந்தவரை ஹெலிகாப்டரில் டொரோண்டோவுக்கு அனுப்ப அரசாங்கம் யோசிப்பதில்லை. அந்தச் செலவின் ஓரத்தில் எத்தனை செட் டயர் வரும்! கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். வெளிநாட்டு மாணவர்களை வரவேற்கும் வாரத்தில் டி-ஷர்ட் கொடுப்பதோடு, ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காரின் அடிப்பாகத்தைக் காட்டலாம்.

சட்டம் வரும்வரை நீங்களே உங்களுக்குச் சோதனை அதிகாரி. வாங்கும் முன் காரை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்க. விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் கார் வேண்டாம். பிரேக் குழாய், சைலன்சர், டிக்கித் தளம் மூன்றையும் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்க. இலையுதிர் காலத்தில் அடியில் துருத் தடுப்பு ஆயில் அடித்துக்கொள்ளுங்க. குளிர் கொஞ்சம் விட்ட நாளில் அடிப்பாகத்தைக் கழுவுங்க.

கடைசியாக, காருக்குள் விட்டுவிட்டு வருகிற பொருட்கள். இன்சுலினை ராத்திரி காரில் வைத்துவிட்டால் உறைந்துவிடும். உருகிய பிறகு பார்க்க அப்படியே இருந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போடுங்க. இன்ஹேலரும் குளிரில் சரியாக அடிக்காது. உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்க.

எஞ்சின் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கு, இனிப்பாக இருக்கும், கலர் ஜூஸ் மாதிரி. கிட்னியைக் காலி செய்துவிடும். நீல நிற வாஷர் திரவத்தில் மெத்தனால், கள்ளச்சாராயச் சாவுகளில் கண்ணைக் குருடாக்கும் அதே சரக்கு. இரண்டையும் தண்ணீர் பாட்டிலிலோ கோக் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீங்க. குழந்தை ஒரு வாய் குடித்தாலும், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், காத்திருக்க வேண்டாம். முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது, மாற்று மருந்து அந்த நேரத்தில் கொடுத்தால்தான் பலன். கனடாவின் விஷ உதவி எண் 1-844-764-7669. போனில் இப்பவே சேமித்துக்கொள்ளுங்க.